ஆதரவு இல்லை என்று சொல்ல வந்தவர்கள்

இ-சேவை மையத்தில் கணினி முன் இருந்த பெண் பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தாள். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று. நான்காவதாக, குரலை மாற்றாமல், "ஆதரவற்ற விதவைச் சான்று. இதானம்மா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

என் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுடைய கைப்பை என்னிடம் இருந்தது. ரேஷன் அட்டையும் அவள் கணவரின் இறப்புச் சான்றும் வைத்த பிளாஸ்டிக் உறை என்னிடம் இருந்தது. வெயிலுக்காக நான் கொண்டுபோன குடையும் என் கக்கத்தில்தான் இருந்தது. இத்தனையையும் சுமந்துகொண்டு அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் "ஆமா" என்றேன்.

நாட்குறிப்பைப் பார்க்கிறேன். ஆனி மாதம் இரண்டாம் செவ்வாய், காலை பத்தே முக்கால். மழை இல்லை. மேற்கே மலையில் மட்டும் மேகம்.

எனக்கு ராஜபாளையம். ஒரு நூற்பாலையின் உதிரிப்பொருள் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். யாருக்கும் பயன்படும் என்று எழுதவில்லை. தேதியில்லாமல் எதையும் நினைத்துப் பார்க்க எனக்கு வராது, அவ்வளவுதான். தங்கை இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அவள் கணவர், வ. புதுப்பட்டி, கூமாப்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து மில்லுக்கு ஆள் ஏற்றிவரும் பஸ்ஸை ஓட்டியவர். முந்தின வருஷம் மாசியில், ஒரு வியாழக்கிழமை காலை முதல் ஷிப்டுக்கு ஆளை இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். அதிலிருந்து தங்கை ஜாக்கெட் தைத்தும் சேலைக்கு ஃபால்ஸ் அடித்தும் பிழைத்துவந்தாள். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு.

வீட்டிலிருந்து கால் மணி நேர நடையில் இருக்கும் பள்ளியில் சத்துணவுக்குச் சமையலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆதரவற்ற விதவைகளுக்கு முன்னுரிமை உண்டு. விண்ணப்பத்தோடு அந்தச் சான்றையும் இணைக்க வேண்டும். கடைசி நாள் ஆடி இரண்டாம் வெள்ளி, மாலை ஐந்தே முக்கால். நாங்கள் இ-சேவை மையத்தில் நின்ற அன்றைக்கு முப்பத்தொரு நாள் பாக்கி. அவள் கண் தையலில் கெட்டுக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அந்த வேலை கிடைக்காவிட்டால், மகள் பத்தாம் வகுப்பை முடித்ததும் மில்லுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னாள்.

படிவத்தில் ஒரு உறுதிமொழி இருந்தது. எனக்கு யாருடைய ஆதரவும் இல்லை, மறுமணம் செய்துகொள்ளவில்லை, என்னைப் பராமரிக்க வயதுவந்த மகன் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே இருந்தாள்.

"என்ன ஏட்டி, போடேன்."

"நீ நிக்கியேண்ணே. ஒன்ன வச்சிக்கிட்டு யாருமில்லன்னு எப்படி எழுதுவேன்?"

"அது சட்டத்துல உள்ள வார்த்தை. வீட்டுல உள்ள வார்த்தை இல்ல."

"செத்த நேரம் வெளிய போயி டீ குடிச்சிட்டு வா. பொறவு போடுதேன்."

போனேன். பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று நாற்பது வரை டீக்கடையில் இருந்தேன். திரும்பி வந்தபோது கையெழுத்து போடப்பட்டு, தாள் ஸ்கேனரில் கிடந்தது.

அந்த இருபது நிமிஷமும் நான் அந்தச் சொல்லைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் படிக்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் பழக்கம். 'ஆதரவற்ற' என்பதை அன்றுவரை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணால் பார்த்திருக்கிறேன். இல்லங்களின் பெயர்ப்பலகையில் பார்த்திருக்கிறேன். பஸ் நிலையத்தில் ஆதரவற்ற நிலையில் கிடந்த முதியவர் மீட்பு என்று செய்தித்தாளில் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைப் பிணவறைச் செய்திகளில் பார்த்திருக்கிறேன். அடுத்த இரண்டு வாரம் வேண்டுமென்றே கவனித்து, செய்தித்தாளில் அந்தச் சொல் வந்த இடங்களையெல்லாம் கத்தரித்து வைத்தேன். ஒன்பது துண்டு சேர்ந்தது. அதில் ஒன்று கன்றுக்குட்டியைப் பற்றியது. ஒன்றில்கூட, சொந்தமாக வாடகை கொடுத்து, மகளைப் படிக்கவைத்து, வெள்ளிக்கிழமை வாசலுக்குச் செம்மண் பூசிக் கோலம் போடுகிற ஒரு பெண் இல்லை.

ஊரில் பேசும்போது அதே பொருளுக்கு வேறு சொல் இருக்கிறது. 'நாதியத்தவ' என்பார்கள். அது தகவல் இல்லை, வசவு. குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியை அப்படிச் சொல்லிவிட்டால், சொல்லப்பட்டவளுக்காகத் தெருவே சண்டைக்கு வந்துவிடும். அரசாங்கம் அந்த வசவைக் கொஞ்சம் கழுவித் துடைத்து, முத்திரை போட்டுக் கொடுக்கிறது. வேலைக்காக அதைக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியிருக்கிறது. தங்கை அக்கம்பக்கத்தில் ஒருவரிடமும் தான் விண்ணப்பித்ததைச் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. ஆனால் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லையே.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். இளம் பெண். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. தங்கை அப்போது தைத்த ஜாக்கெட்டுகளைக் கடையில் கொடுக்கப் போயிருந்தாள். வீடு பூட்டியிருந்ததால் அவர் பக்கத்து வீடுகளில் விசாரித்தார்.

இங்கே அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பாதி வீடுகளில் பட்டாளத்திலோ போலீசிலோ ஒருவர் இருக்கிறார். பையன் தேர்வாகிவிட்டால், அவன் நடத்தை எப்படி, குடும்பம் எப்படி என்று விசாரிக்க ஒரு அதிகாரி வருவார். அந்த நேரத்தில் தெரு முழுக்க ஒரே குரலில் பேசும். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கூட "தங்கமான பையன் சார், நல்ல குடும்பம், நாலு பேரு ஆதரவு உள்ள குடும்பம்" என்பார். யார் கையில் ஃபைலோடு வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தெருவின் எழுதாத விதி. எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்பது மரியாதை இல்லை.

ஆகவே நன்றாகச் சொன்னார்கள்.

பதினாறாம் நாள், புதன்கிழமை, தங்கையின் கைபேசிக்குச் செய்தி வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் போனேன். இ-சேவை மையத்தில் காரணத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். விசாரித்ததில் மனுதாரருக்கு உடன்பிறந்த அண்ணன் ஆதரவும் அக்கம்பக்கத்தார் ஆதரவும் நல்ல முறையில் இருப்பதாகத் தெரியவருகிறது, எனவே பரிந்துரைக்க இயலவில்லை என்று இருந்தது.

தங்கை வாசித்துவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல முறையில இருக்காம்ணே," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த வீட்டு டீச்சர் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, தனியாக இருப்பவர். ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது தங்கை வீட்டில் ஒரு காபி குடிக்காமல் தம் வீட்டுக்குள் போகமாட்டார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தாளை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

"ஏட்டி, இது நான் சொன்னதுல்லா!"

"நீங்களா டீச்சர்?"

"ஒரு பிள்ளை வந்து கேட்டா. இந்த வீட்டு அம்மாவ யாரு பாத்துக்கிடுதான்னு. நானும், அவளுக்கென்ன கொறை, அண்ணன் ராசபாளையத்துல இருந்து வாரந் தவறாம வாராவ, நாங்க இத்தன பேரு இருக்கோம்னு சொன்னேன். பேங்குல இருந்து வந்திருக்காவன்னு நெனச்சேன். ஒனக்கு ஏதோ நல்லது நடக்கப் போகுதுன்னு நெனச்சேன்."

எதிர்ச்சாரியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். "நானும்தான் சொன்னேன். மகராசி மாதிரி இருக்கான்னு சொன்னேன். கூட ரெண்டு சேத்து வேற சொல்லிட்டேன்."

"என்ன சேத்தீரு?" என்று டீச்சர் கேட்டார்.

"தேவதானம் பக்கம் வயக்காடு இருக்குன்னு."

"யாருக்கு?"

"அண்ணாச்சிக்கு," என்று என்னைக் காட்டினார். "ஒரு மதிப்புக்குத்தான்."

எனக்குத் தேவதானத்தில் வயலும் இல்லை, வரப்பும் இல்லை. தங்கை அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

"எப்படி டீச்சர் சொல்ல? நித்தம் ரசம் குடுத்து விடுதீங்க. எனக்கு யாருமில்லன்னு எழுதிக் குடுத்திருக்கேன்னு ஒங்ககிட்ட வந்து சொல்லவா?"

டீச்சர் தாளை நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் காலைல எல்லாரும் போறோம்," என்றார்.

மறுநாள் வெள்ளி. கடைசி நாளுக்கு இன்னும் பதினான்கு நாள். நானும் தங்கையும், டீச்சர், இஸ்திரிக்காரர், தங்கையிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா, அந்த வரிசையில் இன்னும் இரண்டு பெண்கள். ஒரே ஷேர் ஆட்டோவில் ஏழு பேர் நெருக்கிக்கொண்டு போனோம். கிராம நிர்வாக அலுவலகம் ஓர் அறைதான். எங்களில் மூன்று பேர் உள்ளே நிற்க, மற்றவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பழைய மனுவைப் பற்றி நான் சொன்னேன். அந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜன்னலையும் சேர்த்து எண்ணிப் பார்த்தார்.

"ஒருத்தருக்கு ஆதரவே இல்லன்னு சொல்றதுக்கு ஆறு பேரு கூட வந்திருக்கீங்க."

இஸ்திரிக்காரர்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இல்லம்மா. நாங்க ஆதரவு இல்ல. சும்மா பக்கத்துல இருக்கோம்."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டார். "நான் அன்னைக்குப் பொய்யா எதுவும் எழுதல சார். இவங்க சொன்னதைத்தான் எழுதினேன். இப்ப மறுபடியும் விண்ணப்பம் போடுங்க. ஆனா இவங்க இன்னைக்குச் சொல்றதையும் நான் எழுதணும். டீச்சர், நீங்க சொல்லுங்க. இவங்களுக்கு யாரும் இல்லையா?"

டீச்சர் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவர். "அந்த வார்த்தை என் வாயில வராதும்மா," என்றார்.

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலை, மகளுடைய படிப்பு எல்லாம் அந்த அறையில் ஒரு நல்ல மனுஷியின் வாயில் வந்து நின்றுவிட்டது. எனக்கு டீச்சர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் என்னாலும் முடிந்திருக்காது.

அலுவலர் சிறிது யோசித்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "சரி, அந்த வார்த்தையை விடுங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வீட்டு வாடகை யாரு கட்றாங்க?" என்றார்.

"அவதான்," என்றார் வீட்டுக்காரம்மா. "ஒரு மாசம் பிந்தினதில்ல."

"அரிசி பருப்பு?"

"அவதான்."

"பொண்ணு படிப்புச் செலவு?"

"அதுவும் அவதான். தச்சித் தச்சித்தான்."

"உடம்புக்கு முடியலன்னா யாரு பாக்குறாங்க?"

"அதுக்கு நாங்க இருக்கோம்லா!" என்று உள்ளேயிருந்தும் ஜன்னலிலிருந்தும் எல்லாரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அந்தக் கேள்வி படிவத்துல இல்ல. நானாக் கேட்டேன். சட்டம் கேக்கறது சோறு யாரு போடுறாங்கன்னுதாம்மா. ரசம் குடுக்கறதை அது ஆதரவுன்னு எண்ணாது. குடுங்க, நல்லாக் குடுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணன் நீங்கதான? வயல் இருக்காமே?"

ஜன்னலில் இஸ்திரிக்காரர் தலை கீழே இறங்கியது. "இல்லம்மா," என்றேன்.

"தங்கச்சிக்கு மாசம் எதுவும் குடுக்கறீங்களா?"

பழக்கம் காரணமாக என் கை பைக்குள் போய் நாட்குறிப்பை எடுத்துவிட்டது. அதில் எல்லா ஞாயிறும் இருந்தது. தங்கை வீடு என்று எழுதி, கொண்டுபோனதையும் எழுதுவது என் வழக்கம். மாம்பழம் எட்டு. முருங்கைக்காய் ஒரு கட்டு. காரச்சேவு. நான் படித்து முடித்த வார இதழ்கள். பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். மாசியிலிருந்து எழுபது ஞாயிறுக்கு மேல் இருந்தது. ஒரு வாரம் தவறவில்லை.

"இது போக?" என்று கேட்டார்.

"இது போக ஒண்ணுமில்ல."

சொல்லும்போதுதான் அது என் காதில் விழுந்தது. ஓய்வூதியம் குறைவு, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்த கடன் என்று எனக்குக் காரணங்கள் உண்டு. அவள் கேட்டால் கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. வாரம் தவறாமல் போய்வந்ததால், நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தெரு நினைத்தது. நானும் அப்படியே நினைத்திருந்தேன் என்பது அன்றைக்கு அந்த அறையில்தான் தெரிந்தது.

"அதை உங்க கையால எழுதிக் குடுத்துடுங்க சார். போதும்," என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

நான் நிறைய எழுதியவன். அந்த மூன்று வரிக்கு நேரம் பிடித்தது. நான் மேற்படி மனுதாரரின் உடன்பிறந்த அண்ணன். என் வருமானத்திலிருந்து அவருக்கோ அவருடைய மகளுக்கோ எவ்வித ஆதரவும் அளித்துவரவில்லை. இது உண்மை. தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன். தங்கை வாங்கி வாசித்தாள். அவள் என்ன சொல்வாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒன் எழுத்து மட்டும் மாறவே இல்லண்ணே," என்றாள்.

வெளியே வந்ததும் எல்லாருக்கும் அவள் டீ வாங்கிக் கொடுத்தாள். "ஏழு டீ வாங்குதா, பாத்தா மறுபடியும் தள்ளிருவாவ," என்றார் இஸ்திரிக்காரர். அவர் டீக்கு அவரே காசு கொடுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது மாம்பழத்தோடு ஒரு உறையும் கொண்டுபோனேன். மாதாமாதம் இப்படித் தருகிறேன் என்று சொன்னேன். அவள் உறையைப் பிரிக்காமலே என் சட்டைப்பையில் திரும்ப வைத்தாள்.

"எழுதிக் குடுத்து மூணு நா ஆகல, அதுக்குள்ள பொய்யாக்கப் பாக்கியே. வேலை வரட்டும், பொறவு பாக்கலாம்."

ஆடி இரண்டாம் வியாழன், கடைசி நாளுக்கு ஒரு நாள் முந்தி, புதிதாகப் போட்ட மனுவுக்குச் சான்று வந்தது. ஆடிப்பூரத் தேருக்காகத் தெருவெல்லாம் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பத்துக்கு அந்தக் கூட்டத்தில் புகுந்து போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆவணியில் நேர்முகத் தேர்வு. அன்று நான் கூடப் போகவில்லை. அவள் வரவேண்டாம் என்றாள். நடந்ததை ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிகளில் ஒருவர், வயதானவர், சான்றைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு யாருமே இல்லையாம்மா?" என்று இரக்கத்தோடு கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"பேப்பர்ல இல்ல சார்னு சொன்னேன்."

ஐப்பசி முதல் வாரம் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த உறையை மறுபடியும் நீட்டிப் பார்த்தேன். இப்போது சம்பளம் வருகிறதே என்றாள். மகளின் பதினொன்றாம் வகுப்புக்கென்று அஞ்சலகத்தில் ஒரு கணக்கு தொடங்கி அதில் போட்டுவருகிறேன். அது அவளுக்கு இன்னும் தெரியாது. தெருவில் இப்போது யாராவது ஃபைலோடு வந்து நின்றால், "எதுக்கு விசாரிக்கீங்க சார்?" என்று இஸ்திரிக்காரர் முதலில் கேட்கிறார். சான்றை அவள் டிரங்குப் பெட்டியில், கணவரின் ஓட்டுநர் உரிமத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள். காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போகும்போது வீட்டுச் சாவி டீச்சர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.